புகை எந்தப் பக்கம் போகிறது

புதிய சுடுதண்ணீர்த் தாங்கி வந்து ஒன்பது மாதமாகிறது. அம்மாவுக்கு இன்னும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. குழாயைத் திறந்து கையை நீட்டிச் சூடு பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பழையது கரண்ட் இல்லாமலே எரிந்தது, தம்பி" என்கிறார். பதில் சொல்லத் தொடங்குவேன், பாதியில் நின்றுவிடுவேன். அவர் சொல்வது உண்மை என்பதுதான் காரணம்.

2013 மார்கழி 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்த உறைபனி மழை மறக்காது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகியது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன. நகரில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் மின்சாரம் வந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எரிவாயுவில்தான் ஓடுகிறது, ஆனால் சூட்டைக் குழாய்வழியே அனுப்பும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே அதுவும் அணைந்துபோனது. வீட்டுக்குள் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. நிலவறையின் மூலையில் நின்ற தாங்கி மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் எப்போதும் ஒரு சிறு பைலட் சுடர் இருக்கும். அந்தச் சுடரில் நுனி காயும் ஒரு கம்பி, அந்தச் சூட்டிலிருந்தே எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கப் போதுமான மின்னை உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் தேவையில்லை.

அந்த மூன்று நாளும் அம்மா வெறும் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய சேலைத் துண்டுகளால் சுற்றி, பிள்ளைகளின் போர்வைக்குள் வைத்தார். அவர்கள் வீட்டில் சுடுதண்ணீர் நின்றுவிட்டதென்று பக்கத்து வீட்டுச் சீன முதியவர்கள் இருவரும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போனார்கள். போகும்போது அந்தப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அம்மாவுக்கு அந்தத் தாங்கி வெறும் இயந்திரமாக இல்லாமல் போனது அன்றிலிருந்துதான். அதை நான் தூக்கிக் குப்பைக்குக் கொடுத்தேன்.

தை மாதத்துச் சனிக்கிழமை

இந்த ஆண்டு தை மாதத்தில், வெளியே மைனஸ் 19 பாகை இருந்த ஒரு சனிக்கிழமை காலை, தாங்கியின் அடியில் ஒரு தட்டளவு ஈரம் கண்டேன். துடைத்தேன். அரை மணியில் மறுபடி வந்தது. குழாய்களின் பொருத்து எதிலும் கசிவில்லை. உள்ளே எஃகு இற்றுப்போய், தாங்கியின் வயிற்றிலிருந்தே நீர் கசிந்தது. அதற்கு மருந்து கிடையாது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டில் 2006 என்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தாலே பெரிய காரியம் என்கிற பொருள் இருபது ஆண்டை நெருங்கியிருக்கிறது.

அது எங்களுடையதும் அல்ல. ஒன்ராறியோவில் வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கதை தெரியும்: ஒரு காலத்தில் எரிவாயு நிறுவனமே தாங்கியை வாடகைக்குக் கொடுத்து வந்தது, பிறகு அந்த வாடகை வியாபாரம் கைமாறிக் கைமாறிப் போனது, வீட்டை வாங்கும்போது தாங்கியின் வாடகையும் நம் தலையில் சேர்ந்து வந்தது. இத்தனை ஆண்டில் நான் கட்டிய வாடகைக்கு மூன்று தாங்கி வாங்கியிருக்கலாம். அந்தக் காசுக்கு ஒருவராவது ஒரு முறையாவது வந்து அதைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இராது. தாங்கிக்குள் மக்னீசியக் கோல் ஒன்று தொங்கும். எஃகைத் தின்ன வரும் துருவுக்குத் தன்னைக் கொடுத்துத் தாங்கியைக் காப்பது அதன் வேலை. சில ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. பின்னர் பழைய தாங்கியைக் கழற்றியபோது அந்தக் கோலையும் உருவிப் பார்த்தோம். நடுவிலிருந்த இரும்புக் கம்பி மட்டும் மீந்திருந்தது. அதில் விரலளவு வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

வாடகைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருவார், அதற்கு முன்பு புதிய பத்தாண்டு ஒப்பந்தத்துக்கு மின்னஞ்சலில் சம்மதம் அனுப்ப வேண்டும் என்றார்கள். வீட்டு வாசலுக்கு வந்து தாங்கியும் ஃபேர்னஸும் விற்று வயதானவர்களிடம் கையெழுத்து வாங்குவதை 2018 மார்ச்சில் இந்த மாகாணம் தடை செய்தது. வாடகைப் பொருளைக் காட்டி வீட்டுப் பத்திரத்திலேயே உரிமை பதிந்துவைக்கும் தந்திரத்தையும் 2024 ஜூனில் ஒழித்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். குளிரில் நடுங்கும் வீட்டுக்காரனே தொலைபேசி எடுத்துக் கேட்கும்போது அவனைக் காக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. நானும் சம்மதம் அனுப்பியிருப்பேன். என் மனைவிதான் தடுத்தாள். அவளுடைய தமையனின் வீட்டில் வேலை செய்த எரிவாயுத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார், உரிமம் உள்ளவர், நம் ஊர்ப்பக்கத்தவர், அவரை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம் என்றாள்.

ஊதுபத்தி

அவர் மாலை ஐந்து மணிக்கு வந்தார். அறுபதை நெருங்கும் வயது, குறைந்த பேச்சு. கசிவைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "இது முடிந்துவிட்டது, தம்பி" என்றார். நான் விலை கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தாங்கியின் தலையிலிருந்து புறப்பட்டு, கூரையோரமாகச் சரிந்து ஏறி, செங்கல் புகைபோக்கிக்குள் நுழையும் தகரக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் இருந்த ஃபேர்னஸைப் பார்த்தார். "இதை எப்போது மாற்றினீர்கள்?" என்றார். 2016இல் என்றேன். மேலே குசினியில் என்ன விசிறி என்று கேட்டார். அது ஏன் இவருக்கு என்று நினைத்துக்கொண்டே, 2017இல் குசினியைத் திருத்திக் கட்டியபோது போட்டது, நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை இழுக்கும் என்றேன். அந்த எண்ணை நான் பெருமையோடுதான் சொல்லியிருப்பேன். மீன் பொரித்தாலும் மறுநாள் உடுப்பில் வாசம் இராது என்று கடைக்காரர் சொல்ல, அதற்காகவே வாங்கியது.

அந்த விசிறியை முழு வேகத்தில் போடச் சொன்னார். துணி உலர்த்தும் இயந்திரத்தையும் குளியலறை விசிறிகளையும் போடச் சொன்னார். கதவு ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றனவா என்று தாமே ஏறிப் போய்ப் பார்த்து வந்தார். தாங்கியின் திருகைக் கூட்டினார். அடியில் 'புஸ்' என்று அடுப்புப் பற்றியது. ஐந்து நிமிடம் எரியட்டும் என்றார். பைக்குள் தேடிவிட்டு, கொண்டுவந்த புகைக்குச்சி முடிந்துவிட்டது, "அம்மா, ஒரு ஊதுபத்தி கிடைக்குமா?" என்று மேலே பார்த்துக் கேட்டார். அம்மா சாமியறையிலிருந்து ஒன்றைக் கொளுத்தியே கொண்டுவந்தார்.

தாங்கியின் தலையில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், சிறு கால்களில் நிற்கும் தகரக் கூம்பு ஒன்று உண்டு. அதற்கும் தாங்கிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. இந்த வகைத் தாங்கிகளில் அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. கீழே எரியும் அடுப்பின் சூடான கழிவு மேலெழும்போது, அறைக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு புகைபோக்கியில் ஏறிப் போக வேண்டும். அவர் ஊதுபத்தியை அந்த இடைவெளிக்கு அருகே பிடித்தார். புகை உள்ளே இழுபட வேண்டும். அது நேராகக் கூம்பின் விளிம்புவரை போனது. அங்கே தயங்கியது. பிறகு மடிந்து, சுருண்டு, எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. மல்லிகை வாசம். அவர் ஊதுபத்தியைக் கூம்பைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். எல்லாப் பக்கமும் அப்படியே. என் கையைப் பிடித்து அந்த இடைவெளியோரம் வைத்தார். ஒரு மாட்டின் மூச்சைப் போல ஈரமும் வெக்கையுமாக ஏதோ விரல்களில் பட்டது.

"மேலே விசிறியை நிற்பாட்டுங்கள்" என்று என் மனைவியிடம் குரல் கொடுத்தார். நாங்கள் பேசாமல் நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் புகை ஆடத் தொடங்கியது, நிமிர்ந்தது, பிறகு நூல் பிடித்தாற்போல இடைவெளிக்குள் நுழைந்து மறைந்தது.

அவர் எரிவாயுவை மூடி, தாங்கியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். பிறகு தாங்கிக்குப் பின்னாலிருந்த மெல்லிய சுவரையும் அதன் கதவையும் பார்த்து, "இந்த அறையில் யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார். இப்போது யாரும் இல்லை என்றேன். 'இப்போது' என்ற சொல் வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

நல்லதென்று செய்த இரண்டு காரியம்

அவர் சொல்லித் தந்ததை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். எங்கள் பழைய ஃபேர்னஸும் இந்தத் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டவை. குளிர்காலம் முழுவதும் ஃபேர்னஸின் சூட்டில் அந்தச் செங்கல் கூடு வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டைப் பற்றிக்கொண்டு தாங்கியின் சின்னப் புகையும் ஏறிப் போய்விடும். 2016இல் வைத்த புதிய ஃபேர்னஸ் எரிவாயுவிலிருந்து இயன்றவரை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சும் கழிவு அவ்வளவு சூடில்லாததால் அது வெள்ளை பிளாஸ்டிக் குழாய்வழியே பக்கச் சுவரால் வெளியேறுகிறது. ஆகவே அந்தப் பெரிய புகைபோக்கியில் தாங்கி தனித்துப்போனது. வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அந்தப் புகைபோக்கி தை, மாசி மாதங்களில் பனிக்கட்டிபோல் குளிர்ந்து கிடக்கும். தாங்கியின் புகை அதற்குள் போய் ஆறி, கனத்து, ஏற முடியாமல் நின்றுவிடும். ஃபேர்னஸை மாற்றியவர்கள் புகைபோக்கிக்குள் ஒரு சிறிய உலோகக் குழாயை இறக்கித் தந்திருக்க வேண்டும். அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதன்மேல் வந்து சேர்ந்தது விசிறி. நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை வீட்டிலிருந்து வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை நாடா ஒட்டி அடைத்து வைத்திருக்கும் வீட்டில் அதற்குத் திறந்திருக்கும் அகலமான வழி புகைபோக்கி ஒன்றுதான். அம்மா மேலே கத்தரிக்காய் பொரிக்கும் ஒவ்வொரு மாலையும், வெளிக்காற்று புகைபோக்கி வழியாகத் தலைகீழாக இறங்கி, தாங்கியின் கழிவையும் தள்ளிக்கொண்டு நிலவறைக்குள் பரவியிருக்கிறது. ஒழுங்காக எரியும் எரிவாயுவிலிருந்து உண்டாகும் கழிவு பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவும்தான். அதே கழிவு மறுபடி சுடருக்குள் புகுந்து, சுடருக்கு நல்ல காற்றுக் கிடைக்காமல் போகும்போது, காபன் மொனொக்சைட் உருவாகத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, சோர்வு, குமட்டல் என்று அது தரும் அறிகுறி எல்லாம் தடிமன் காய்ச்சலுக்கும் பொருந்தும்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது இன்னொன்று விளங்கியது. 2013இன் அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டில் எந்த விசிறியும் ஓடவில்லை. மின்சாரமே இல்லை. புதிய ஃபேர்னஸும் பெரிய விசிறியும் அப்போது எங்கள் எண்ணத்தில்கூட இல்லை. வானொலியில் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தாங்கி எந்தப் பழுதும் இல்லாமல்தான் எரிந்தது. அம்மாவின் நினைவில் ஒரு பிழையும் இல்லை. விளக்கெல்லாம் எரிந்து, குசினி மணந்து, உடுப்பு உலர்ந்து, வீடு வசதியாக இருந்த பிற்கால மாலைகளில்தான் அது அறைக்குள் மூச்சுவிட்டிருக்கிறது. இதைத்தான் அம்மாவிடம் முழுதாகச் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. சொன்னால் அவருடைய கத்தரிக்காய்ப் பொரியலும் அதற்குள் வந்துவிடும்.

இரும்புச் சட்டிகளில் நான்கு நாள்

அந்த நான்கு நாளும் குசினி அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து மாடிக்குத் தூக்கினேன். என்ன வாங்குவது என்று இரவுகளில் கணக்குப் போட்டேன். எங்கள் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். அந்த ஏரியின் அடியில், 83 மீட்டர் ஆழத்திலிருந்து ஆண்டு முழுவதும் 4 பாகையில் எடுக்கும் நீரைக்கொண்டுதான் நகர நடுவிலுள்ள கோபுரங்களைக் கோடையில் குளிரவைக்கிறார்கள். மாசியில் எங்கள் வீட்டுக் குழாய்க்கும் 5 பாகைக்கு மேலே எதிர்பார்க்க முடியாது. 189 லீற்றர் தாங்கி ஒன்றை அங்கிருந்து 60 பாகைக்கு ஏற்ற 12 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 28 பாகையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் 7 யூனிட் போதும். 60 பாகைக்குக் கீழே வைக்கவும் கூடாது. இளஞ்சூட்டில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் வெளியேறும் இடத்தில் குளிர்நீரைக் கலந்து 49 பாகைக்கு இறக்கும் வால்வு ஒன்றும் வேண்டும்.

சுவரில் மாட்டும், தாங்கியே இல்லாத வகை பலருக்குப் பிடித்திருக்கிறது. மணிக்கு 1,99,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) எரிக்கும் பெரிய இயந்திரம்கூட, 20 பாகைத் தண்ணீர் வரும் கோடையில் நிமிடத்துக்கு 27 லீற்றர் தந்தால், மாசியில் 18 லீற்றர்தான் தரும். ஒருவர் குளிக்க, ஒருவர் பாத்திரம் கழுவ அது போதும். எங்கள் வீட்டின் காலை ஏழரை மணிக்குப் போதாது. காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் வகையில்தான் என் மனம் நின்றது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரக்கூடியது, எரியும் சுடரே கிடையாது. ஆனால் அது வெப்பத்தை எடுப்பது நிலவறைக் காற்றிலிருந்து. குளிர்காலத்தில் அந்தக் காற்றைச் சூடாக்கித் தருவதும் நம் ஃபேர்னஸ்தான். தவிர, 240 வோல்ட் கம்பி இழுக்க எங்கள் மின்பெட்டியில் இடமில்லை. மின்பெட்டியையே மாற்றும் வசதி இருந்திருந்தால் அதைத்தான் வைத்திருப்பேன். இதை ஓர் ஆவணி மாதத்தில், தாங்கி கசிவதற்கு முன்பு, ஆறுதலாக உட்கார்ந்து முடிவெடுத்திருக்க வேண்டும் என்பது என் தீராத வருத்தம்.

கடைசியில் வந்தது, கழிவை ஒரு சிறு விசிறியால் பக்கச் சுவர்வழியே வெளியே தள்ளும் எரிவாயுத் தாங்கி. பழைய வகையையே வைத்துப் புகைபோக்கிக்குள் உலோகக் குழாய் இறக்கித் தர முடியாதா என்று அம்மாவுக்காக ஒரு முறை கேட்டேன். "முடியும். ஆனால் இந்த விசிறி மேலே இருக்கிற வீட்டில் நான் அதை வைக்க மாட்டேன், தம்பி" என்றார். முழுக் காசும் கொடுத்து வாங்கினோம். வாடகை இல்லை. அது வேலை செய்யும்போது மெல்லிய இரைச்சல் கேட்கிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும்.

சுவரோரக் கட்டில்

2017 முதல் 2021 வரை நிலவறையின் அந்த அறையில் ஓர் இளைஞன் வாடகைக்கு இருந்தான். படிக்க வந்தவன். நான்கு குளிர்காலம். அம்மா பொரித்த கத்தரிக்காயைத் தட்டில் மூடிக் கொண்டுபோய் அவன் கதவைத் தட்டிக் கொடுப்பார். 2008இல் வூட்ஸ்டொக் நகரில் ஒரு குடும்பத்தின் நான்கு பேரும் காபன் மொனொக்சைடால் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தபிறகு, அவர்கள் பெயரால் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கும் இடம் ஒவ்வொன்றின் அருகிலும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2014 முதல் இங்கே விதி. எங்கள் வீட்டில் மேல்மாடியில், எங்கள் அறைகளுக்கு வெளியே, ஒன்று இருந்தது. கீழே இல்லை. அவன் படுத்த இடத்தைப் 'படுக்கும் இடம்' என்று நான் எண்ணாமல் போனதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. வாடகையை மட்டும் மாதம் தவறாமல் எண்ணி வாங்கினேன்.

பங்குனியில்தான் அவனை அழைக்கத் துணிவு வந்தது. இப்போது கல்கரியில் வேலை செய்கிறான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தத் தாங்கிப் பக்கத்துச் சுவர் இளஞ்சூடாக இருக்கும், அண்ணை. முதல் குளிர்காலத்திலேயே கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டேன்" என்றான். தலையிடி ஏதும் வருமா என்று கேட்டேன். "சோதனைக் காலத்தில் வரும். குளிர்காலத்தில் எல்லோருக்கும் வருவதுதானே" என்றான். அவன் என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னானா, உண்மையிலேயே அவ்வளவுதானா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தான்.

இப்போது இருக்கும் இடம் எப்படி என்று கேட்டேன். இதுவும் நிலவறைதான் என்றான். கருவி இருக்கிறதா, பார் என்றேன். கூரையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்றான். கதிரையில் ஏறி அதன் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. "பற்றரி இல்லை, அண்ணை" என்றான். கடை இன்னும் திறந்திருக்குமா என்று கேட்டேன். தொலைபேசியை வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பனியில் நடந்து போய் வரும்வரை நான் காதில் வைத்தபடியே இருந்தேன். காற்றும், கடை வாசலின் மணியும், காசாளரின் குரலும் கேட்டன. மறுபடி கதிரை இழுபட்டது. மூன்று முறை உரத்துக் கூவியது. "கேட்டதா, அண்ணை?" என்றான். இன்னொரு முறை அழுத்தச் சொன்னேன்.